நானோகுழாய் கலந்த ஸ்மார்ட் தகடு: விறைப்பைக் கையாலேயே கணக்கிடலாம்

கார்பன் அணுக்களால் ஆன மிக நுண்ணிய குழாய்தான் கார்பன் நானோகுழாய். அதன் யங் குணகம் (பொருளின் விறைப்பைச் சொல்லும் அளவு) ஏறக்குறைய 1000 ஜிகாபாஸ்கல். அதைக் கலக்கும் பிசினான எப்பாக்சிக்குச் சுமார் 3 தான். கொஞ்சம் குழாயைக் கலந்தாலே தகடு எஃகு மாதிரி ஆகிவிடும் என்று தோன்றும். ஆகாது. எவ்வளவு கலக்கிறோம் என்பதோடு, எந்தத் திசையில், எந்த இடத்தில் வைக்கிறோம் என்பதும் சேர்ந்துதான் விறைப்பைத் தீர்மானிக்கிறது. கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

படி 1: எடையைக் கனஅளவாக மாற்றுங்கள்

எடையில் 1 சதவீதம் குழாய் என்று வைத்துக்கொள்வோம். குழாயின் அடர்த்தியைக் கன சென்டிமீட்டருக்கு 2 கிராம், எப்பாக்சியினுடையதை 1.2 கிராம் என்று எடுத்தால், 100 கிராம் கலவையில் குழாய் 0.5, எப்பாக்சி 82.5 கன சென்டிமீட்டர். அதாவது கனஅளவில் குழாயின் பங்கு 0.6 சதவீதம்தான்.

படி 2: கலவை விதி

எல்லாக் குழாய்களும் நேராக, ஒரே திசையில், எப்பாக்சியோடு நன்றாகப் பிணைந்திருந்தால்:

0.006 × 1000 + 0.994 × 3 ≈ 9 ஜிகாபாஸ்கல்

இது உச்ச வரம்பு.

படி 3: திசையைச் சேருங்கள்

குழாய்கள் எல்லாத் திசையிலும் சிதறிக் கிடந்தால் அவற்றின் பங்கான 6-ஐ ஐந்தால் வகுக்க வேண்டும். 1.2 + 3, ஆக 4.2 தான் மிஞ்சும். குழாய்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியானால் இன்னும் குறையும்.

படி 4: தடிமனில் எங்கே வைப்பது?

எனக்கு மிகவும் பிடித்த படி இது. தகடு வளையும்போது நடுத்தளத்தில் திரிபே (நீளம் மாறும் விகிதம்) இல்லை. மேல், கீழ்ப் பரப்புகளில்தான் அதிகம். அப்படியென்றால் நடுவில் இருக்கும் குழாய்க்கு அங்கே வேலையே இல்லை! சீராகப் பரப்பினால் வளைவு விறைப்பில் குழாயின் பங்கு 1 என்று கொள்ளுங்கள். நடுவில் சுழியாகத் தொடங்கி, பரப்பை நோக்கி நேர்கோட்டில் கூட்டிக்கொண்டே போனால் அது 1.5 ஆகும். நடுவில் குவித்துப் பரப்பில் சுழியாக்கினால் 0.5. மொத்தக் குழாயின் அளவு மூன்றிலும் ஒன்றுதான். படி 2-இன் எண்களைப் போட்டால் வளைவுக்கான குணகம் முறையே 9, 12, 6. அதே சுமைக்குக் கடைசித் தகடு இரண்டாவதைப் போல இரு மடங்கு தொய்யும். ஆய்வுகளில் இரண்டாவது பரவலை எக்ஸ் வகை என்றும், மூன்றாவதை ஓ வகை என்றும் சொல்கிறார்கள்.

தகடு தடிமனாக இருந்தால் நறுக்குத் திரிபையும் (அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்குவது போன்ற சிதைவு) சேர்த்துக்கொள்ளுங்கள். நறுக்கு விறைப்பைப் பெருக்க வேண்டிய வழக்கமான திருத்தக் காரணி 5/6.

படி 5: பீசோ அடுக்கு

இப்போதுதான் தகடு ஸ்மார்ட் ஆகிறது. பீசோ என்பது வளைத்தால் மின்னூட்டம் தரும், மின்னழுத்தம் கொடுத்தால் நீளம் மாறும் பொருள். பீசோ அடுக்கையும் திரிபு அதிகமுள்ள வெளிப்பரப்பில்தான் ஒட்ட வேண்டும். ஒருமுனை பொருத்திய தகட்டின் முதல் அதிர்வு வடிவத்துக்கு (மிகக் குறைந்த அதிர்வெண்ணில் அது ஆடும் விதம்), பொருத்திய முனைக்கு அருகில் ஒட்ட வேண்டும். ஒரு துண்டு வளைவை மின்னூட்டமாகத் தரும். அதிலிருந்து அதிர்வின் வேகத்தைக் கண்டு, எதிர்க்குறியோடு இன்னொரு துண்டுக்கு மின்னழுத்தமாகக் கொடுத்தால் அதிர்வு தணியும். 0.2 மில்லிமீட்டர் தடிமனுள்ள பிஇசட்டி (பீசோ பீங்கான் வகை) துண்டுக்கு 100 வோல்ட் கொடுத்தால், தடையின்றி இருக்கும்போது அதன் திரிபு மீட்டருக்குச் சுமார் 85 மைக்ரோமீட்டர். தகடு விறைப்பாக ஆக ஆக, அந்தச் சிறிய திரிபால் அதை வளைப்பது கடினமாகும். அதனால் குழாயின் அளவைக் கூட்டினால் பீசோவுக்கான மின்னழுத்தத்தையும் மறுபடி கணக்கிடுங்கள்.