படச் சட்டப் பட்டறைக்குக் கருவிகள்: எதை முதலில் வாங்குவது, எப்படிக் கையாளுவது

கடலூர் மஞ்சக்குப்பத்திலோ புதுச்சேரி நேரு வீதியின் பக்கத் தெரு ஒன்றிலோ சிறிய அறையை வாடகைக்குப் பிடித்து, படங்களுக்குச் சட்டம் போடும் தொழிலைத் தொடங்க நினைப்பவர், கருவிகளின் பட்டியலை எழுதுவதற்கு முன்னால் தம்மிடம் வரப்போகும் படங்கள் எவை என்று எழுதிப் பார்ப்பது நல்லது. பூஜை அறைக்கான சுவாமி படம், காரியத்துக்குள் வேண்டும் என்று அவசரமாகக் கேட்கப்படும் இறந்தவரின் படம், திருமணப் படம், பட்டமளிப்புச் சான்றிதழ் ஆகியவை இரண்டு ஊர்களுக்கும் பொது. புதுச்சேரியில் இவற்றோடு ஸ்ரீ அரவிந்தர், அன்னை படங்களும், கைவினைத் தாளில் தீட்டிய நீர்வண்ண ஓவியங்களும் சேர்ந்து வரும். சட்டத்தின் மூலை இவை அனைத்துக்கும் தேவை. படத்தைச் சுற்றி வைக்கும் அட்டையான மவுண்டை வெட்டும் கருவி பாதிக்குத்தான் தேவை. பெரிய லேமினேஷன் இயந்திரம் முதல் ஆண்டில் அநேகமாக யாருக்கும் தேவையில்லை. ஆகவே கையில் உள்ள முதலீட்டில் பெரும்பங்கு மூலையை வெட்டவும் சேர்க்கவும் உதவும் கருவிகளுக்கே போக வேண்டும் என்பது என் கருத்து. வேலைப்பாடு எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், மூலையில் ஒரு கீற்று இடைவெளி தெரிந்தால் வாடிக்கையாளரின் விரல் முதலில் அங்கேதான் போகும்.

வெட்டுவதற்கு மூன்று வழிகள் உள்ளன. மூலைக்குச் சாய்வாக வெட்ட வழிகாட்டும், கையால் அறுக்கும் மைட்டர் பெட்டி மலிவானது. மாதத்துக்கு நாலைந்து சட்டங்கள் போடுபவருக்குப் போதும், ஆனால் பட்டறை என்று பெயர்ப்பலகை வைத்தவருக்குப் போதாது. மின்சார மைட்டர் ரம்பம்தான் பெரும்பாலோருக்குப் பொருந்தும். பத்து அங்குல ரம்பத்தோடு வரும் தட்டு பொதுவாகத் தச்சு வேலைக்கானது, பற்கள் குறைவு. அதைக் கழற்றி வைத்துவிட்டு 80 முதல் 100 பற்கள் கொண்ட கார்பைடு தட்டு ஒன்றை முதல் நாளே மாட்டிக்கொள்ள வேண்டும். ரம்பத்தின் விலையைப் பேரம் பேசிக் குறைக்கலாம், தட்டின் தரத்தை மட்டும் குறைக்கக் கூடாது. தங்க நிறப் பூச்சுள்ள பீடிங்கின் (சட்டம் செய்யும் நீளப் பட்டையின்) ஓரம் பிசிறாமல் வருவதும், செயற்கைப் பீடிங் சூட்டில் உருகி விளிம்பில் முத்து முத்தாக ஒட்டிக்கொள்ளாமல் இருப்பதும் தட்டின் கூர்மையையே பொறுத்தவை. மூன்றாவது வழி, காலால் மிதித்து இரட்டைக் கத்தியை இறக்கும் கில்லட்டின். தூள் பறக்காது, சத்தம் கிடையாது, மின்சாரமும் தேவையில்லை. ஆனால் விலை அதிகம். கத்திகளைத் துல்லியமாகச் சாணை பிடித்துத் தருபவர் அருகில் இருக்கிறாரா என்று உறுதி செய்துகொள்ளாமல் அதை வாங்குவது வீண் செலவாக முடியும்.

ரம்பத்தில் 45 டிகிரி என்று பொறித்திருக்கும் கோட்டை அப்படியே நம்பிவிடக் கூடாது. ஒரு சட்டத்துக்கு எட்டு வெட்டுகள் உண்டு. ஒவ்வொன்றிலும் கால் டிகிரி பிசகினால், மூன்று மூலைகளை இறுக்கிச் சேர்த்த பிறகு நான்காவது மூலையில் இரண்டு டிகிரி வந்து நிற்கும். ஓர் அங்குல அகலமுள்ள பீடிங்கில் அது ஒரு மில்லிமீட்டருக்கும் அதிகமான இடைவெளி. இதைச் சோதிக்க எளிய வழி இருக்கிறது. கழிவுப் பீடிங்கில் நான்கு துண்டுகளை வெட்டி, பசையில்லாமல் மேசைமேல் வைத்து, மூன்று மூலைகளைக் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நான்காவதைப் பார்க்க வேண்டும். அங்கே வெளிமுனை சேர்ந்து உள்பக்கம் திறந்தால் துண்டின் கூர்முனைக் கோணம் 45-ஐவிடக் குறைவு, உள்பக்கம் சேர்ந்து வெளிமுனை திறந்தால் அந்தக் கோணம் கூடுதல். ரம்பத்தில் பீடிங் சாய்ந்து நிற்கும் முட்டுச் சட்டத்தைச் சிறிது சிறிதாக நகர்த்தி, நான்கும் சேரும் வரை இதைத் திரும்பச் செய்ய வேண்டும். எதிரெதிர்ப் பக்கத் துண்டுகள் இரண்டும் ஒரே நீளமா என்பதை அளவு நாடாவைவிட விரல் நுனி நன்றாகச் சொல்லும். முதுகோடு முதுகு ஒட்டி வைத்து முனையைத் தடவினால், கண்ணுக்குத் தெரியாத அரை மில்லிமீட்டர் படிகூட விரலுக்குத் தட்டுப்படும். நீளத்தை ஒவ்வொரு முறையும் பென்சிலால் குறித்து வெட்டாமல், முட்டுக்கட்டை ஒன்றைப் பொருத்தி அதில் மோதவிட்டு வெட்டினால் இந்தச் சிக்கலே எழாது. வெட்டி முடித்ததும் தட்டு முழுவதுமாக நின்ற பிறகே கையை உயர்த்த வேண்டும். சுழலும்போது தூக்கினால் துண்டின் விளிம்பைப் பெயர்த்துக்கொண்டு போய்விடும். அரை அடிக்கும் குறைவான துண்டைக் கையால் பிடித்து வெட்டவே கூடாது, கிளாம்ப் போட வேண்டும்.

பீடிங் எவ்வளவு வாங்குவது என்ற கணக்கும் இங்கேயே வருகிறது. படத்தின் நீளத்தையும் அகலத்தையும் கூட்டி இரண்டால் பெருக்கி, அதோடு பீடிங் அகலத்தின் எட்டு மடங்கைச் சேர்த்தால் தேவையான நீளம் கிடைக்கும். 12க்கு 16 அங்குலப் படத்துக்கு ஓர் அங்குலப் பீடிங் என்றால் 56-உம் 8-உம் சேர்ந்து 64 அங்குலம். காடி, அதாவது படமும் கண்ணாடியும் உட்காரும் உள்பக்கப் பள்ளம், படத்தின்மேல் ஏறும் பகுதியைக் கழிக்காமல் விட்டிருப்பதால், ரம்பம் தின்னும் அளவு அதிலேயே சரிக்கட்டிவிடும். ஒன்பதரை அடிப் பீடிங்கில் இது போக மிஞ்சும் 50 அங்குலத்தில் 8க்கு 10 படம் ஒன்றைப் போட்டுவிடலாம். கழிவை மூலையில் போட்டு வைக்காமல், அளவு எழுதி நிற்க வைத்தால் அவசரக் காரியப் படங்களுக்கு அது கைகொடுக்கும். காடியின் உள்ளளவு மட்டும் படத்தைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் பெரிதாக இருக்க வேண்டும். கண்ணாடியை இறுக்கித் திணித்தால் அது என்றைக்காவது ஓரத்தில் விரிசல் விடும்.

மூலையைச் சேர்ப்பதற்கு, அடியிலிருந்து வி-ஆணியை (V வடிவ உலோகத் தகட்டை) ஏற்றும் இயந்திரம் தேவை. காலால் மிதிக்கும் வகை தொடக்கத்துக்குப் போதும். காற்றழுத்தத்தில் இயங்கும் வகை வேகமானது, ஆனால் கம்ப்ரசரையும் சேர்த்து வாங்க வேண்டும். நம் கடற்கரையின் ஈரக் காற்றில் கம்ப்ரசர் தொட்டியின் அடியில் தண்ணீர் சேர்ந்துகொண்டே இருக்கும். நாள்தோறும் வேலை முடிந்ததும் அடித் திருகைத் திறந்து வடித்துவிடாவிட்டால் தொட்டி உள்ளுக்குள் துருப்பிடிக்கும். வி-ஆணியின் உயரம் பீடிங்கின் உயரத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும். உயரமான பீடிங்குக்கு ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு ஏற்றலாம். வெளிமுனைக்கு மிக அருகில் ஏற்றினால் மரம் பிளக்கும். கெட்டி மரத்துக்கும் மென்மரத்துக்கும் வெவ்வேறு ஆணிகள் உண்டு, மாற்றிப் போட்டால் ஒன்றில் வளையும், மற்றொன்றில் பிடிக்காது. ஆணி இருக்கிறதே என்று பசையை விட்டுவிடுபவர்கள் உண்டு. உண்மையில் மூலையைத் தாங்குவது பசைதான். அது காயும் வரை பிடித்து வைப்பதே ஆணியின் வேலை. மரத்துக்கு ஃபெவிகால் வகை வெள்ளைப் பசை நன்றாகப் பிடிக்கும், செயற்கைப் பீடிங்கில் அது உரிந்துவிடும். அதற்கென்று விற்கும் பசையையோ சயனோஅக்ரிலேட் பசையையோ பயன்படுத்த வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் லாரியிலிருந்து இறங்கிய மரப் பீடிங்கை அன்றே வெட்டக் கூடாது. மரம் ஈரத்தை இழுத்து அகலத்தில் உப்பும், நீளத்தில் அநேகமாக மாறாது. அப்போது கச்சிதமாகச் சேர்ந்த மூலை, சித்திரை வெயிலில் மரம் சுருங்கியதும் உள்பக்கமாகத் திறந்துகொள்ளும். வாடிக்கையாளர் அதை உங்கள் வெட்டின் குறை என்றே நினைப்பார். பட்டறைக்குள்ளேயே காற்றோட்டமாகப் படுக்க வைத்துச் சில நாள் ஆறவிட்ட பிறகு வெட்டுவது நல்லது.

கண்ணாடிக்குக் கார்பைடுச் சக்கரக் கட்டர் ஒன்றும், தடித்த அலுமினிய அளவுகோல் ஒன்றும், மேசைமேல் விரிக்கப் பழைய கம்பளம் ஒன்றும் போதும். சக்கரத்துக்கும் கட்டரின் பக்கவாட்டுக்கும் உள்ள இரண்டு மூன்று மில்லிமீட்டரைக் கணக்கில் சேர்த்து அளவுகோலை வைத்து, சக்கரத்தில் சிறிது மண்ணெண்ணெய் தொட்டு, ஒரே சீரான அழுத்தத்தில் ஒரே ஒரு முறை இழுக்க வேண்டும். சரியான கீறலில் மெல்லிய சீரான சத்தம் கேட்கும்; வெள்ளைத் தூள் உதிர்ந்தால் அழுத்தம் அதிகம். அதே கோட்டில் இரண்டாம் முறை இழுத்தால் கண்ணாடியும் கெடும், சக்கரமும் கெடும். கீறியவுடனே உடைத்துவிட வேண்டும். சிறிய படங்களுக்கு 2 மில்லிமீட்டர் கண்ணாடி போதும். 24க்கு 36 அங்குல அளவுக்கு அது 2.8 கிலோ எடை வரும், 3 மில்லிமீட்டர் என்றால் 4.2 கிலோவை எட்டும் என்பதால் பீடிங்கும் கொக்கியும் அதற்கேற்ப இருக்க வேண்டும். அக்ரிலிக் அதில் பாதி எடைதான், ஆனால் கீறல் விழும், தூசியை இழுக்கும். விளக்கேற்றும் பூஜை அறைப் படத்துக்கு அதைப் போடக் கூடாது. கண்ணாடித் தாள்களைச் செங்குத்தாக, இடையில் தாள் வைத்து அடுக்க வேண்டும். ஒட்டி வைத்த தாள்களுக்கு நடுவே புகும் ஈரம் துடைத்தாலும் போகாத வெண்படலத்தை உண்டாக்கிவிடும்.

அதே ஈரம்தான் இந்தக் கடலோர ஊர்களில் பழைய புகைப்படங்களைக் கண்ணாடியோடு ஒட்ட வைக்கிறது. புகைப்படத்தின் மேல்பூச்சு ஜெலட்டின். ஈரம் பட்டால் இளகிக் கண்ணாடியைப் பற்றிக்கொள்ளும். தாத்தாவின் படத்தைப் புதுச் சட்டத்தில் மாற்றித் தரச் சொல்லிக் கொடுப்பார்கள். பின்பலகையைக் கழற்றிப் பார்த்தால் முகத்தின் ஒரு பக்கம் எண்ணெய் பட்டதுபோல் பளபளவென்று கண்ணாடியோடு ஒட்டியிருக்கும். அதைப் பிய்க்கவே கூடாது. கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்து, பிரதி எடுத்துச் சட்டம் போட்டுவிட்டு, மூலப் படத்தைக் கண்ணாடியோடு பொதிந்து திருப்பித் தருவதே முறை. புதிதாகப் போடும் புகைப்படம் எதுவானாலும் கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே மவுண்ட் போர்டோ மெல்லிய இடைப்பட்டையோ வைத்தாக வேண்டும். தஞ்சாவூர் ஓவியத்துக்குக் கற்களின் உயரத்தைத் தாண்டும் அளவு ஆழமான இடைப்பட்டை வேண்டும்.

மவுண்ட் வெட்டும் கருவியை, ஓவியர்களின் வேலை தொடர்ந்து வரத் தொடங்கிய பிறகு வாங்கினால் போதும். அதில் கத்தி 45 டிகிரி சாய்வில் ஓடும். அடியில் ஒரு கழிவு அட்டையை வைத்தே வெட்ட வேண்டும், இல்லையென்றால் வெட்டின் அடிப்பக்கம் பிசிறும். கத்தி மலிவு, போர்டு விலை அதிகம். தயங்காமல் கத்தியை மாற்றுங்கள். கலைப் படைப்புகளுக்கு அமிலமற்ற போர்டையே பயன்படுத்த வேண்டும். 1959 முதல் இயங்கிவரும் ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் கைவினைத் தாள் தொழிற்கூடம் போன்றவற்றின் தாளில் தீட்டிய ஓவியத்துக்கு இயல்பான பிசிறு விளிம்பு உண்டு. அதை மவுண்டுக்கு அடியில் மறைக்காமல், மாவுப் பசையும் மெல்லிய ஜப்பானியத் தாள் கீல்களும் கொண்டு மேல் விளிம்பில் மட்டும் பிடித்துத் தொங்கவிடுவதுதான் ஓவியர்களுக்குப் பிடிக்கும். செல்லோ டேப் கூடவே கூடாது. அதன் பழுப்புக் கறை தாளை ஊடுருவி முன்பக்கம் வந்துவிடும்.

பின்பலகைக்கு, மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகை ஈரத்தில் உப்பும், ஹார்டுபோர்டைக் கரையான் விடாது. சாதாரணப் படங்களுக்கு சன்போர்டு என்னும் பிளாஸ்டிக் நுரைப் பலகை நன்றாக உழைக்கிறது. கண்ணாடிக்குப் பின்னால் சுத்தியலால் சிற்றாணி அடிப்பதைவிட, சிறு உலோக முனைகளைச் சட்டத்துக்குள் செலுத்தும் பாயின்ட் கன் வாங்குவது பாதுகாப்பு. கொக்கி பித்தளையிலோ துருப்பிடிக்காத எஃகிலோ இருக்கட்டும். கீழ்மூலை இரண்டிலும் சிறிய ரப்பர் குமிழ்களை ஒட்டினால் சுவரின் ஈரம் படத்தைத் தொடாது. மாலை போடும் படத்துக்கு ஆணியைச் சட்டத்தில் அடிக்காமல் சுவரில் தனியே அடிக்கச் சொல்லுங்கள்.

அறையை இரண்டாகத் தடுத்து, ரம்பத்தை ஒரு பக்கமும் கண்ணாடி, மவுண்ட் மேசையை மறுபக்கமும் வைக்க வேண்டும். மரத்தூள் கண்ணாடிக்கு உள்ளே போனால் மறுபடி எல்லாவற்றையும் கழற்ற வேண்டியதுதான். பத்து அங்குல ரம்பம் இரண்டாயிரம் வாட் வரை இழுக்கும், அதற்கு 15 ஆம்பியர் பிளக் தனியாக வேண்டும், கம்ப்ரசரை அதே இணைப்பில் மாட்டக் கூடாது. முகக்கவசமும் காதடைப்பும் கண்ணைக் காக்கும் மூக்குக்கண்ணாடியும் எப்போதும் ரம்பத்தின் பக்கத்திலேயே தொங்கட்டும். தரையில் எதையும் வைக்காதீர்கள்: 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலும், 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலும் கரையைக் கடந்தது இந்தப் பகுதியில்தான். மவுண்ட் போர்டு அலமாரியின் கீழ்த்தட்டு இடுப்பு உயரத்தில் இருந்தால் தவறில்லை.

ரம்ப மேடையில் மெழுகு தேய்த்து வைத்தால் உப்புக் காற்றின் துரு ஏறாது. எண்ணெய் தடவினால் அது பீடிங்கில் ஒட்டிக் கறையாகும். வி-ஆணிப் பொட்டலங்களை சிலிக்கா ஜெல் போட்ட இறுக்கமான டப்பாவில் வைக்க வேண்டும், துருவேறிய ஆணி இயந்திரத்தின் வாயில் சிக்கிக்கொள்ளும். பழைய இயந்திரம் வாங்குவதாக இருந்தால் உங்கள் பீடிங்கையும் ஆணியையும் எடுத்துக்கொண்டு போய், விற்பவர் முன்னிலையிலேயே பத்துப் பதினைந்து மூலைகளை ஏற்றிப் பாருங்கள். ஆணியைத் தள்ளும் சுத்தியின் முனை தேய்ந்திருந்தால் நாலாவது ஐந்தாவது மூலைக்குள் ஆணி சாய்ந்து ஏறத் தொடங்கிவிடும். அந்த முனைக்கு மாற்றுப் பாகம் சென்னையிலாவது கிடைக்கும் என்று தெரிந்த பிறகே முன்பணம் கொடுங்கள்.