பழைய ரிமோட்டும் முன்பக்க டிஸ்பிளேயும்: ராஸ்பெர்ரி பையில் அமைப்பது எப்படி?

டிவி இருந்தவரை ரிமோட்டைப் பற்றி யோசிக்கவே இல்லை. எச்டிஎம்ஐ-சிஇசி (எச்டிஎம்ஐ கேபிள் வழியாகவே கட்டளை அனுப்பும் வசதி) வழியாக, ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியில் ஓடும் கோடி மீடியா பிளேயரையும் டிவி ரிமோட்டே ஓட்டியது. புரொஜெக்டருக்கு மாறியதும் அது போய்விட்டது, என் புரொஜெக்டரில் சிஇசி கிடையாது. ஃபோன் ஆப் அம்மாவுக்குச் சரிப்படவில்லை. பார்க்காமலே விரலால் தடவி அழுத்தப் பட்டன் வேண்டும் என்றார். அலமாரியில் கிடந்த டிவிடி பிளேயர் ரிமோட்டை எடுத்து வேலையைத் தொடங்கினேன்.

பையில் ராஸ்பெர்ரி பை ஓஎஸ்ஸும் கோடியும் ஏற்கெனவே ஓடுகின்றன என்று வைத்துக்கொள்கிறேன். கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன், தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டுங்கள்.

முதலில் ரிமோட்டுக்கு உயிர் இருக்கிறதா என்று பாருங்கள். ஃபோன் கேமராவுக்கு நேராக ரிமோட்டைப் பிடித்து ஒரு பட்டனை அழுத்தினால், முனையில் உள்ள எல்இடி ஊதா கலந்த வெள்ளையாக மினுக்கும். சில ஃபோன்களின் பின்கேமரா இந்த ஒளியை வடிகட்டிவிடும், அப்போது செல்ஃபி கேமராவில் பாருங்கள்.

சென்சார்

கடையில் ஐஆர் (அகச்சிவப்பு) சென்சார் கேட்டால் பெரும்பாலும் டிசாப் 1738 தருவார்கள். அது 5 வோல்ட் சாதனம். பையின் ஜிபிஐஓ கால்கள் (வெளிச் சாதனங்களை இணைக்கும் பின்கள்) 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. அதனால் டிசாப் 38238 என்று எண்ணைச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். 2.5 வோல்ட்டிலிருந்தே வேலை செய்யும், 38 கிலோஹெர்ட்ஸ் துடிப்பைத்தான் இதுவும் பிடிக்கும். இரண்டுக்கும் கால்களின் வரிசை வேறு. குமிழ் நம்மைப் பார்த்திருக்க, 38238இல் இடமிருந்து அவுட்புட், கிரவுண்ட், சப்ளை. 1738இல் கிரவுண்ட், சப்ளை, அவுட்புட். பழைய படத்தைப் பார்த்துப் புதியதை இணைத்தால் சென்சார் கையைச் சுடும்.

சப்ளையைப் பையின் 1ஆம் பின்னுக்கும், கிரவுண்டை 6ஆம் பின்னுக்கும், அவுட்புட்டை 12ஆம் பின்னுக்கும் கொடுங்கள். 12ஆம் பின்தான் ஜிபிஐஓ 18. அப்புறம் எஸ்டி கார்டைக் கணினியில் செருகி, கான்ஃபிக்.டிஎக்ஸ்டி கோப்பின் கடைசியில் ஒரு வரி சேருங்கள்: டிடிஓவர்லே=ஜிபிஐஓ-ஐஆர்,ஜிபிஐஓ_பின்=18. பழைய பதிவுகளில் லிர்க்-ஆர்பிஐ என்று இருக்கும், அதை விட்டுவிடுங்கள். இப்போதைய லினக்ஸ் கர்னலில் (ஓஎஸ்ஸின் மையப் பகுதி) அது இல்லை.

நான் இரண்டு நாள் மாட்டிக்கொண்ட இடம்

ஐஆர்-கீடேபிள் என்ற நிரலை நிறுவி, சோதனைக்கான -டி போட்டு ரிமோட்டை அழுத்தினேன். திரையில் ஒன்றுமே வரவில்லை. ஒயரை மாற்றினேன், பேட்டரியை மாற்றினேன், இரண்டாவது சென்சாரும் வாங்கிவிட்டேன். எதிலும் பழுதில்லை.

கான்ஃபிக்.டிஎக்ஸ்டி-யில் சேர்த்த அந்த ஓவர்லே முதலில் ஏற்றுவது விண்டோஸ் மீடியா சென்டர் ரிமோட்டின் பட்டன் பட்டியல். அந்த ரிமோட் பேசுவது ஆர்சி-6 என்ற மொழி, என் டிவிடி ரிமோட் பேசுவது நெக். சென்சார் ஒளியைச் சரியாகவே பிடித்தது, ஆனால் நெக் மொழியைப் பிரித்துப் படிக்கும் பகுதி அணைந்து கிடந்தது. ஆகவே சோதிக்கும் முன் எல்லா மொழிகளையும் திறந்துவிடுங்கள்: சூடோ ஐஆர்-கீடேபிள் -பி ஆல் -டி. இப்போது பட்டனை அழுத்தினால் மொழியின் பெயரும் ஸ்கேன்கோடும் (அந்தப் பட்டனின் குறியெண்) வரிசையாக வந்து விழும். அதைப் பார்த்த நிமிடம் எனக்கு வந்த நிம்மதியைச் சொல்ல முடியாது.

ஒவ்வொரு பட்டனாக அழுத்தி ஸ்கேன்கோடைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஈடிசி-க்குள் உள்ள ஆர்சி_கீமேப்ஸ் ஃபோல்டரில் ஒரு டாம்ல் கோப்பு (எளிய உரைக் கோப்பு வகை) உருவாக்குங்கள். லிப்/யூடெவ்-க்குள் உள்ள ஆர்சி_கீமேப்ஸ் ஃபோல்டரில் இருக்கும் வேறொரு கோப்பைப் பிரதி எடுத்து மாற்றுவது எளிது. மேலே மொழி நெக் என்று இருக்க வேண்டும். கீழே வரிகள் இப்படி:

0எக்ஸ்402 = "கீ_என்டர்"
0எக்ஸ்403 = "கீ_பேக்ஸ்பேஸ்"

ஓகே பட்டனுக்கு கீ_ஓகே என்று எழுதத்தான் கை போகும். எழுதாதீர்கள். லினக்ஸில் அதன் எண் 352. கோடி, எக்ஸ் சர்வர் என்ற திரை நிரல் மேல் ஓடினால் 255ஐத் தாண்டிய கீ எதுவும் அதற்குப் போய்ச் சேராது. விசைப்பலகையில் உள்ள கீ பெயர்களையே கொடுத்தால் தொல்லை இல்லை. முடிந்ததும், ஈடிசி-யில் உள்ள ஆர்சி_மேப்ஸ்.சிஎஃப்ஜி கோப்பில் மற்ற வரிகளுக்கு மேலே உங்கள் வரியைச் சேருங்கள். இரண்டு நட்சத்திரக் குறி, பிறகு கோப்பின் பெயர். ரீபூட் செய்தால் ரிமோட் தயார்.

டிஸ்பிளே

16 எழுத்து, 2 வரி எல்சிடி, பின்னால் ஐ2சி (இரண்டே ஒயரில் தகவல் அனுப்பும் முறை) பலகை ஒட்டியதையே வாங்குங்கள். பலகை இல்லாதது கொஞ்சம் மலிவு, ஆனால் ஆறேழு ஒயர் இழுக்க வேண்டும். இந்தப் பலகை 5 வோல்ட்டில் ஓடுவதால் நடுவில் 5 வோல்ட் சிக்னலை 3.3 ஆக்கும் லெவல் ஷிஃப்டர் ஒன்று வையுங்கள். நேராக இணைத்தும் பலர் ஓட்டுகிறார்கள், நான் செய்ய மாட்டேன். பலகையின் எஸ்டிஏ ஒயர் பையின் 3ஆம் பின்னுக்கு, எஸ்சிஎல் ஒயர் 5ஆம் பின்னுக்கு. ஐ2சியை இயக்கிவிட்டு, ஐ2சிடிடெக்ட் -ஒய் 1 என்று தட்டினால் 27 அல்லது 3எஃப் என்று பலகையின் முகவரி தெரியும். எல்சிடிபிராக் என்ற டிஸ்பிளே நிரலை நிறுவி, அந்த முகவரியை அதன் எல்சிடிடி.கான்ஃப் கோப்பில் போர்ட் எண்ணாகக் கொடுங்கள். டிரைவர் எச்டி44780, கனெக்‌ஷன்டைப் ஐ2சி, சைஸ் 16எக்ஸ்2. கோடியில் எக்ஸ்பிஎம்சி எல்சிடிபிராக் ஆட்-ஆனை நிறுவினால் படத்தின் பெயரும் நேரமும் ஓடத் தொடங்கும்.

விளக்கு எரிந்து எழுத்து வரவில்லையா? பின்பலகையில் நீல நிறத்தில் ஒரு சின்னத் திருகு இருக்கும். அதுதான் கான்ட்ராஸ்ட். மெதுவாகத் திருப்புங்கள்.

தமிழ்ப் பெயர்கள் இதில் வராது. சிப்புக்குள் ஆங்கில எழுத்துகளும் பெரும்பாலும் ஜப்பானிய கட்டகானாவும்தான் பதிந்திருக்கின்றன. நாமாக வரைந்து சேர்க்க 8 இடம் மட்டுமே உண்டு. என் பாட்டுக் கோப்புகளின் பெயரை ஆங்கில எழுத்துக்கு மாற்றித்தான் தீர வேண்டியிருந்தது. இன்னும் மனம் ஒப்பவில்லை. கிராஃபிக் ஓஎல்இடி ஒன்றில் தமிழ் எழுத்துருவை வரவைக்க முயன்றுகொண்டிருக்கிறேன்.

பின்சேர்க்கை: ஆடியோ டிஏசி பலகை (ஒலியை நன்றாகத் தரும் கூடுதல் பலகை) மாட்டிய பிறகு ரிமோட் வேலை செய்யவில்லை என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். அந்தப் பலகைகள் ஒலித் தகவல் வரும் ஐ2எஸ் இணைப்பின் கடிகாரத் துடிப்புக்கு ஜிபிஐஓ 18ஐத்தான் பயன்படுத்துகின்றன. சென்சாரை 11ஆம் பின்னுக்கு மாற்றி, கான்ஃபிக் வரியில் 18ஐ 17 ஆக்குங்கள். அழுத்தாமலே பட்டன் விழுகிறது என்று இன்னொருவர் கேட்டார். சப்ளை ஒயரில் 100 ஓம் ரெசிஸ்டரும், சென்சார் காலுக்கு அருகிலேயே சப்ளைக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் 4.7 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் வைத்துப் பாருங்கள். சென்சார் மேல் வெயிலோ சிஎஃப்எல் விளக்கோ நேராக அடிக்காதபடி இடத்தையும் மாற்றுங்கள்.