ரொறன்ரோவில் இத்தாலியர் அயலில் வீடு தேடுபவர்களுக்கு: வூட்பிரிட்ஜா, மேப்பிளா, டவுன்ஸ்வியூவா?

ரொறன்ரோவில் இத்தாலியர் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டால் முக்கால்வாசிப் பேர் காலேஜ் தெருவைக் காட்டுவார்கள். அங்கே ‘லிட்டில் இட்டலி’ என்று பலகை இருக்கிறது, உணவகங்கள் இருக்கின்றன, பெரிய வெள்ளியன்று அசிசி புனித பிரான்சிஸ் தேவாலயத்திலிருந்து ஊர்வலமும் போகிறது. குடும்பங்கள்தான் இல்லை. போருக்குப் பிறகு வந்திறங்கிய இத்தாலியர் காலேஜிலிருந்து செயின்ட் கிளேர் மேற்குக்கும், அங்கிருந்து டஃப்ரின், கீல் வீதிகளோடு வடக்கே டவுன்ஸ்வியூவுக்கும், பிறகு ஸ்டீல்ஸைத் தாண்டி வோன் நகரத்து வூட்பிரிட்ஜுக்கும் படிப்படியாக நகர்ந்துவிட்டார்கள். பலகையைப் பார்த்து வீடு வாங்கினால் சுற்றிலும் சுற்றுலாப் பயணிகளும் கொண்டோக்காரர்களும்தான் அயலவர்.

இப்படியொரு அயலைத் தேடும் தமிழர்கள் பல வகை. இத்தாலியக் குடும்பத்தில் சம்பந்தம் செய்தவர்கள் உண்டு. இத்தாலியின் பலெர்மோவில் பல வருடம் இருந்துவிட்டு இங்கே வந்த ஈழத்தமிழர்கள், பிள்ளைகள் பழகிய மொழியை விட்டுவிடக்கூடாது என்று நினைப்பது உண்டு. வோனில் வேலை கிடைத்து, ஸ்காபரோவிலிருந்து தினமும் 30 கி.மீ.க்கு மேல் ஓடிக் களைத்தவர்களும் உண்டு. யாராக இருந்தாலும் தொடங்க வேண்டிய இடம் ஒன்றுதான்: வேலைத்தலம். அயல் எவ்வளவு பிடித்திருந்தாலும், போகவர இரண்டு மணி நேரம் காரில் கழிந்தால் அந்த அயலில் வாழ நேரமே இராது.

வேலை எங்கே?

வோனின் பெரிய வீதிகளை மனத்தில் பதித்துக்கொண்டால் வரைபடம் இல்லாமலே கணக்குப் போடலாம். தெற்கிலிருந்து வடக்காக ஸ்டீல்ஸ், 7ஆம் நெடுஞ்சாலை, லாங்ஸ்டாஃப், ரதர்ஃபோர்ட், மேஜர் மெக்கன்சி. கிழக்கிலிருந்து மேற்காக கீல், ஜேன், வெஸ்டன், பைன் வேலி. இவற்றுக்கு இடையே ஏறத்தாழ 2 கி.மீ. பைன் வேலிக்கு மேற்கே ஹம்பர் ஆறு வருவதால் இஸ்லிங்டன், கிப்ளிங் வீதிகள் வளைந்து நெளிந்து போகும், கணக்கு சரிவராது.

ஆனால் தூரத்தைவிட முக்கியமான கேள்வி வேறு: 400 நெடுஞ்சாலையைக் குறுக்கே கடக்க வேண்டுமா? ஜேனுக்கும் வெஸ்டனுக்கும் நடுவே அது ஊரை இரண்டாகப் பிளக்கிறது. கடக்கும் வீதிகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை, பெரும்பாலானவற்றில் நெடுஞ்சாலைக்கு ஏறி இறங்கும் வாகனங்களும் வந்து முட்டும். ரதர்ஃபோர்டுக்கும் மேஜர் மெக்கன்சிக்கும் இடையில் கனடாஸ் வொண்டர்லாண்ட் வேறு இருக்கிறது. கோடைகாலச் சனி ஞாயிறுகளில் வேலை இருப்பவர்கள் இதைக் கட்டாயம் கணக்கில் எடுக்க வேண்டும்.

2021இல் திறந்த கோர்ட்டெலூச்சி வோன் மருத்துவமனை ஜேன் - மேஜர் மெக்கன்சியில் இருக்கிறது. அங்கே வேலை என்றால், வோனிலேயே கீல் - மேஜர் மெக்கன்சியைச் சுற்றியுள்ள மேப்பிள்தான் முதல் தெரிவு. கீலிலிருந்து நேர்கோட்டில் 2 கி.மீ., 400ஐத் தொடவே வேண்டாம். வூட்பிரிட்ஜின் வடக்கில் உள்ள சொனோமா ஹைட்ஸிலிருந்தும் 8 கி.மீ. போலத்தான் வரும், ஆனால் 400ஐக் கடந்தாக வேண்டும். காலை 7 மணிக்குத் தொடங்கும் ஷிஃப்ட் என்றால் தாங்கலாம், 9 மணி என்றால் யோசியுங்கள்.

கொன்கோர்ட் தொழிற்சாலைகளும் களஞ்சியங்களும் 400க்குக் கிழக்கே என்பதால் அங்கும் மேப்பிளுக்கே வசதி. ஒரு எச்சரிக்கை: கீலுக்கும் ஜேனுக்கும் இடையே சிஎன் நிறுவனத்தின் மெக்மிலன் சரக்கு ரயில் முற்றம் 1965இலிருந்து இயங்குகிறது. பெட்டிகளைப் பிரித்துக் கோக்கும் இடிச்சத்தம் இரவிலும் நிற்காது. அதற்கு அருகில் வீடு பார்த்தால் இரவு 11 மணிக்கு ஒருமுறை போய், காரை நிறுத்தி, கண்ணாடியை இறக்கிவிட்டு இருந்து பாருங்கள். வூட்பிரிட்ஜின் பழைய மையத்தின் ஊடாகவும் ஒரு சரக்கு ரயில் பாதை போகிறது. அங்கே பிரச்சினை இரவு முழுக்க இல்லை, வண்டி வரும்போது மட்டும்.

பியர்சன் விமான நிலையமோ அதைச் சுற்றிய களஞ்சியங்களோ வேலைத்தலம் என்றால் கதை மாறும். அப்போது மேற்கு வூட்பிரிட்ஜ், அதாவது மார்ட்டின் குரோவ், 27ஆம் நெடுஞ்சாலைப் பக்கம். 427இல் இறங்கினால் 15 கி.மீ. அளவுதான். 427 நெடுஞ்சாலை 2021இல் மேஜர் மெக்கன்சிவரை நீண்டதால் வடக்குப் பக்கத்தாருக்கும் சுலபமாயிற்று. 407ஐ நம்பி வீடு வாங்காதீர்கள். அது தனியார் கட்டணச் சாலை, நெரிசல் நேரத்தில் கட்டணமும் ஏறும். தினமும் போய்வந்தால் மாதப் பில் ஒரு கார்த் தவணைக்கு நிகராக வரலாம்.

டவுன்டவுனில் வேலையா? வூட்பிரிட்ஜுக்குள் சப்வேயும் இல்லை, ‘கோ’ என்னும் புறநகர் ரயிலும் இல்லை. 2017 டிசம்பரில் திறந்த வோன் மெட்ரோபொலிட்டன் சென்டர் சப்வே நிலையம் ஜேன் பக்கம் இருக்கிறது. அங்கிருந்து டவுன்டவுனின் யூனியன் நிலையத்துக்கு முக்கால் மணி நேரம். வூட்பிரிட்ஜிலிருந்து அந்த நிலையத்துக்கு 7ஆம் நெடுஞ்சாலையில் விவா ஆரஞ்சு பஸ் ஓடுகிறது. பஸ்ஸுக்கான தனித்தடம் மேற்குப் பக்கம் முழுவதும் இல்லை, அது இல்லாத இடத்தில் பஸ்ஸும் கார்களோடு நெரிசலில் நிற்கும். 2024 பிப்ரவரியிலிருந்து வோனில் ஓடும் யோர்க் பிராந்திய பஸ்ஸிலிருந்து ரொறன்ரோவின் டிடிசி சப்வே, பஸ்களுக்கு மாற இரண்டாவது கட்டணம் இல்லை. பழைய கணக்கை வைத்து “பஸ் கட்டுப்படியாகாது” என்று சொல்பவரை நம்ப வேண்டாம். மேப்பிளில் மேப்பிள், ரதர்ஃபோர்ட் என்று இரண்டு கோ நிலையங்கள் இருப்பதால் டவுன்டவுன்காரருக்கு அதுவே மேல். அதைவிட நெருக்கம் வேண்டுமென்றால் லாரன்ஸ் - டஃப்ரின், டவுன்ஸ்வியூ.

எதை முடிவு செய்தாலும், செவ்வாய், புதன், வியாழன் மூன்றில் ஒரு நாளில், உங்கள் உண்மையான ஷிஃப்ட் நேரத்தில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ஓப்பன் ஹவுஸுக்குப் போன ஞாயிறு பின்னேரத்துப் பயண நேரம் எதற்கும் உதவாது.

ஆட்கள் உண்மையிலேயே இருக்கிறார்களா?

கணக்கெடுப்பு விவரங்களைத் தட்டும்போது பெரும்பாலானோர் ‘இன மூலம்’ என்ற வரியைப் பார்த்து ஏமாறுகிறார்கள். தாத்தா கலாப்ரியாவிலிருந்து வந்தவர் என்பதற்காக இத்தாலியர் என்று எழுதும் பேரனுக்கு ஒரு சொல்கூடத் தெரியாமல் இருக்கலாம். 2021 கணக்கெடுப்பில் ‘தாய்மொழி’, ‘வீட்டில் பேசும் மொழி’ என்ற வரிகளைப் பாருங்கள். வோன் முழுவதற்கும் பார்த்துப் பயனில்லை, 3 லட்சத்துக்கு மேல் சனத்தொகை உள்ள நகரம் அது. சில தெருக்கள் அளவிலான சிறு வட்டாரங்களுக்கும் இந்த விவரம் கிடைக்கும்.

அதன் பிறகு நேரில். முதலில் தேவாலய அறிவிப்புப் பலகை. ஞாயிறு பூசைகளில் எத்தனை இத்தாலிய மொழியில், எத்தனை மணிக்கு என்று பாருங்கள். இத்தாலியப் பூசை தனியாக, நல்ல நேரத்தில் இருந்தால் ஆட்கள் இருக்கிறார்கள். மாதம் ஒருமுறை என்று சுருங்கியிருந்தால் போய்க்கொண்டிருக்கிறார்கள். அடுத்து, வார நாளில் காலை 10 மணிக்கு ஒரு பேக்கரி. சனிக்கிழமை எல்லா ஊர்க்காரரும் வருவார்கள், அது கணக்கில் இல்லை. வார நாளில் எஸ்பிரெஸோவைக் கையில் வைத்துக்கொண்டு சத்தமாக அரசியல் பேசும் ஓய்வூதியக்காரர் கூட்டம்தான் அடையாளம். அப்படியே நகர சமூக மையத்துக்குப் போய் போச்சே என்னும் இத்தாலியப் பந்து உருட்டும் விளையாட்டுக்கு ஆடுகளம் இருக்கிறதா, அதில் ஆட ஆள் வருகிறார்களா என்று எட்டிப் பாருங்கள்.

தெருவே சொல்லும் சாட்சியும் உண்டு. செப்டம்பரில் திறந்த கராஜ்களில் தக்காளி அரைக்கும் இயந்திரமும் கழுவிக் கவிழ்த்த கண்ணாடிக் குப்பிகளும் இருக்கும், கடை வாசல்களில் வைனுக்கான திராட்சைப் பெட்டிகள் அடுக்கியிருக்கும். நவம்பருக்குப் பிறகு என்றால் கொல்லைப்புறத்து அத்திமரத்தைப் பாருங்கள். இந்தக் குளிரில் அது தப்பாது என்பதால் சிலர் ஒரு பக்க வேரை வெட்டி, மரத்தை அப்படியே சாய்த்துப் பள்ளத்தில் கிடத்தி, பலகையும் மண்ணும் போட்டு மூடுவார்கள். சிலர் நிறுத்தியபடியே சாக்கும் தார்ப்பாயும் சுற்றிக் கட்டுவார்கள். ஒரு தெருவில் இப்படி மூன்று நான்கு மரம் கண்டால் வேறு ஆராய்ச்சி வேண்டாம்.

‘இத்தாலியர்’ என்பது ஒரே கூட்டமும் அல்ல. வூட்பிரிட்ஜில் இஸ்லிங்டன் வீதியில் ஃபிரியுலிக்காரரின் ஃபமே ஃபுர்லானே, கிப்ளிங்கில் வெனெட்டோக்காரரின் மையம் என்று பிராந்தியச் சங்கங்கள் தனித்தனி. வீடுகளில் முதியவர் பேசுவது பெரும்பாலும் வட்டார வழக்கு. பாடநூல் இத்தாலியன் படிக்க ஆசைப்படுபவருக்கு அயல் மட்டும் போதாது. லாரன்ஸ் - டஃப்ரினில் உள்ள கொலம்பஸ் சென்டர் போன்ற இடங்களில் வகுப்பு விசாரியுங்கள். பிள்ளைகளுக்குப் பாடசாலைச் சபைகள் நடத்தும் பன்னாட்டு மொழி வகுப்புகளில் இத்தாலியன் எந்தப் பாடசாலையில், எந்த நாளில் என்று சபையிடமே கேளுங்கள். இத்தாலியப் பிள்ளைகள் அதிகம் போவது கத்தோலிக்கப் பாடசாலைகளுக்கு. அவையும் அரசுப் பணத்தில் இயங்குபவைதான், ஆனால் ஆரம்பப் பிரிவில் சேர்க்க ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்பார்கள். உயர்நிலைப் பாடசாலையில் யாரும் சேரலாம்.

முதல் தலைமுறை இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. பழைய வூட்பிரிட்ஜிலும் டவுன்ஸ்வியூவிலும் வீடுகள் விலைக்கு வருவதே பெரும்பாலும் அதனால்தான். முதியவர்களின் துணையும் மொழியும் வேண்டுமென்றால் அங்கே போங்கள், ஆனால் அது பத்து வருடத்தில் மாறும். பிள்ளைகளுக்கு விளையாட்டுத் தோழர் வேண்டுமென்றால் சொனோமா ஹைட்ஸ், வூட்பிரிட்ஜுக்கு வடக்கே வோனிலேயே உள்ள வெல்லோர், மேப்பிள். அங்கே இருப்பது அடுத்தடுத்த தலைமுறை. அவர்கள் வீட்டில் ஆங்கிலம்தான்.

வீட்டுக்குள்

இத்தாலியர் கட்டி வாழ்ந்த வீட்டில் பேஸ்மென்டில் இரண்டாவது சமையலறை இருக்கும். தக்காளியும் பொரியலும் கீழே, மேல்மாடிச் சமையலறை விருந்தாளிக்குக் காட்ட. அடுப்பு இருப்பதால் மட்டும் அது வாடகைக்கு விடக்கூடிய தனி அலகு ஆகிவிடாது. தீ தடுப்புச் சுவர், வெளியேறும் வழி, புகை அலாரம், நகரசபை அனுமதி நான்கும் வேண்டும். முகவர் “வாடகை வரும்” என்று வாயால் சொன்னால் அனுமதிப் பத்திரத்தைக் கேளுங்கள். வாடகைக்காரரின் காருக்கு இடமும் வேண்டும், வோனில் அதிகாலை 2 முதல் 6 மணிவரை தெருவில் நிறுத்த முடியாது.

முன் வாசல் திண்ணைக்கு அடியில் கன்டீனா என்னும் குளிர் அறை இருக்கும். வைனும் சலாமியும் தொங்கிய இடம். வீட்டின் கோளாறு முதலில் தெரிவதும் அங்கேதான், ஏனென்றால் அதன் கூரை திண்ணையின் கொங்கிரீட் பலகை. மேலே பதித்த ஓடுகளில் வெடிப்பிருந்தால் தண்ணீர் இறங்கி, உள்ளே கம்பி துருப்பிடித்து, கொங்கிரீட் அடியிலிருந்து சிப்பி சிப்பியாகக் கழன்று விழும். மழை பெய்த மறுநாள் டார்ச்சோடு போங்கள். சுவரில் வெள்ளைப் பொடி மட்டும் என்றால் ஈரக்கசிவு, கட்டுப்படுத்தலாம். கூரையில் துருக்கறை என்றால் திண்ணையையே உடைத்துக் கட்ட வேண்டி வரலாம். காற்றுத்துளைகளை அடைத்து அதை அறையாக மாற்றியிருந்தால் சுவர்ப் பலகைக்குப் பின்னால் பூஞ்சணம் இருக்க வாய்ப்பு அதிகம்.

1960களின் நடுவிலிருந்து 70களின் நடுவரை கட்டிய வீடு என்றால் அலுமினிய வயரிங் இருக்கிறதா என்று பாருங்கள். காப்புறுதிக்காரர் மின்பரிசோதனைச் சான்று கேட்பார். 1995க்கும் 2007க்கும் இடைப்பட்டதென்றால் கைட்டெக் குழாய்: தண்ணீர் சூடாக்கி அருகே செம்மஞ்சளும் நீலமுமான பிளாஸ்டிக் குழாய் தெரிந்தால் இணைப்புகளில் பெயரை வாசியுங்கள். அது அரித்து வெடிக்கும் ரகம்.

பழைய வூட்பிரிட்ஜ் மையம் ஹம்பர் பள்ளத்தாக்கில் இருக்கிறது. 1954 அக்டோபரில் ஹேசல் புயல் இங்கே உயிர்களை வாரிக்கொண்டு போனது. ஆற்றுப் பக்கத்து வீடு என்றால் ரொறன்ரோ பிராந்தியப் பாதுகாப்பு ஆணையத்திடம் முகவரியைக் கொடுத்து வெள்ளச் சமவெளிக்குள் வருகிறதா என்று கேளுங்கள். வந்தால் வீட்டைப் பெருப்பிக்க அனுமதி கிடைப்பது கடினம், வெள்ளக் காப்புறுதியும் அப்படியே.

காசு

ஸ்டீல்ஸ் வீதிதான் எல்லை. அதற்குத் தெற்கே ரொறன்ரோ, அங்கே வீடு கைமாறும் வரி இரண்டு முறை: மாகாணத்துக்கு ஒன்று, நகரத்துக்கு ஒன்று. பத்து லட்சம் டாலர் வீட்டுக்கு மாகாண வரி 16,475 டாலர். டவுன்ஸ்வியூவில் நகரமும் அதே தொகையை வாங்கும், ஆக 32,950. வூட்பிரிட்ஜிலும் மேப்பிளிலும் ஒரு தரம்தான். முதல் வீடு வாங்குபவருக்கு மாகாணம் 4,000 டாலர்வரையும் ரொறன்ரோ 4,475 டாலர்வரையும் தள்ளுபடி தரும். இந்த வரியை அடமானக் கடனில் சேர்க்க முடியாது, கையில் காசாக இருக்க வேண்டும்.

கார்க் காப்புறுதி அஞ்சல் குறியீட்டைப் பார்த்துத்தான் ஏறி இறங்கும், வோனில் அது குறைவும் அல்ல. எல்4எல் தெற்கு வூட்பிரிட்ஜ், எல்4எச் வடக்கு, எல்6ஏ மேப்பிள். விலை கேட்பதற்கு முந்தைய வாரம் இந்த மூன்று குறியீட்டுக்கும், உங்கள் இப்போதைய முகவரிக்கும் ஒரே காரை, ஒரே ஓட்டுநரை வைத்து விலைப்புள்ளி எடுங்கள். வீட்டில் இரண்டு கார் இருந்தால் இரண்டுக்கும். வித்தியாசத்தை மாதக் கணக்காக்கி அடமானத் தவணையோடு சேர்த்துப் பார்த்த பிறகே முகவரிடம் உங்கள் உச்சத் தொகையைச் சொல்லுங்கள்.