ஷ்வின் ரேசரில் ஏறாத டயர்

சிகாகோவில் செய்த பழைய ஷ்வின் ரேசர் சைக்கிளுக்கு, கடையில் 26 x 1 3/8 என்று கேட்டு வாங்கும் டயர் ஏறவே ஏறாது. டயரில் பழுதில்லை. வழக்கமான 26 x 1 3/8 டயரின் பீடு (ரிம்மில் உட்காரும் உள்விளிம்பு) விட்டம் 590 மி.மீ.; ஷ்வினின் எஸ்-6 ரிம்முக்கு 597 வேண்டும். லீவர் போட்டு நெம்பினால் ட்யூப்தான் கிழியும். ரிம்மில் எஸ்-6 முத்திரை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பக்கவாட்டில் 37-597 என்று அச்சிட்ட டயரை வாங்கினேன், கையாலேயே ஏறியது. ட்யூப் மட்டும் சாதாரண 26 x 1 3/8 போதும், அது விரிந்துகொள்ளும்.

எஸ்-7 ரிம்மிலும் இதே வம்பு: அதற்கு 571. பின்னத்தில் 1 3/4 என்று எழுதிய எஸ்-7 டயர் வேறு, தசமத்தில் 1.75 என்று எழுதியது (559) வேறு.

வண்டியின் வயதை அறிய, இடது பின்சக்கர அச்சு பொருந்தும் தகட்டில் வரிசை எண்ணைத் தேடுங்கள். 1970-க்குப் பிறகு அது முன்பக்க ஹெட் ட்யூபுக்குப் போய்விட்டது. 1965 முதல் முதலெழுத்து மாதம், இரண்டாவது ஆண்டு. சிடி (CD) என்றால் 1968 மார்ச். அது எண் பொறித்த தேதிதான். வண்டியைப் பொருத்தி முடித்தது பிந்தியும் இருக்கலாம்.

குரோம் துருவுக்கு உப்புத்தாள் கூடாது. அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்துத் தேய்த்தாலே போகும். ஒற்றைத் துண்டு கிராங்கை (இரு பெடல் கைகளும் நடு அச்சும் ஒரே கம்பியாக இருப்பது) கழற்றும்போது கவனம்: இடப்பக்க நட்டு தலைகீழ் மரை, வலஞ்சுழியாகத் திருப்பினால்தான் தளரும்.