ஊருக்கு ஒரு விதை வங்கி: எங்கே தொடங்குவது?

கொல்லிமலையில் மலையாளிப் பழங்குடி மக்கள் தலைமுறைகளாக விதைத்து வந்த சாமையும் தினையும் பெருமளவு குறைந்து, அந்த நிலங்களில் மரவள்ளி ஏறிக்கொண்டது. 1990களிலிருந்து எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தோடு சேர்ந்து ஊர்க் குழுக்களே அங்கு விதை வங்கி (விதையைச் சேமித்து, விவசாயிகளுக்குக் கடனாகக் கொடுத்து, விதையாகவே திரும்ப வாங்கும் ஏற்பாடு) நடத்தி அந்த ரகங்களைக் காப்பாற்றி வருகின்றன. உங்கள் ஊரிலும் செய்யலாம், பெரிய பணம் தேவையில்லை.

முதலில் ஊர்ப் பெரியவர்களிடம், முக்கியமாகப் பாட்டிகளிடம் போய் உட்காருங்கள். "சாமை இருக்கா?" என்று மொத்தமாகக் கேட்டால் போதாது. கட்டவெட்டிச் சாமையா, மல்லியச் சாமையா, எந்த மண்ணில் வரும், எத்தனை மாதப் பயிர், என்ன சமைப்பார்கள், எல்லாவற்றையும் நோட்டில் எழுதுங்கள். ஒரு கைப்பிடி விதை கிடைத்தாலும் வாங்கிவிடுங்கள்.

விதைக்கான கதிரைப் பயிர் நிற்கும்போதே தேர்ந்தெடுக்க வேண்டும், களத்தில் அடித்துக் குவித்த பிறகு ரகம் பிரிக்க முடியாது. வேறு ரகமாகக் கலந்து நிற்கும் கலவன் செடிகளை முன்பே பிடுங்கிவிட்டு, நோயில்லாத, நன்றாக முற்றிய கதிர்களைத் தனியே அறுத்துத் தனியே அடியுங்கள்.

அப்புறம் நன்றாகக் காயவைத்து, நொச்சி இலையோ வேப்பிலையோ போட்டு, பானையிலோ தொம்பையிலோ (தானியம் சேமிக்கும் குதிர்) காற்றுப் புகாமல் மூடுங்கள். ஒரே வீட்டில் வைக்காதீர்கள், எலியோ மழையோ வந்தால் மொத்தமும் போய்விடும். விதைப்புக்கு முன் ஈரத்துணியில் 100 விதை வைத்துப் பாருங்கள். ஒரு வாரத்தில் 75க்குக் குறைவாக முளைத்தால் அந்த விதையைக் கடன் கொடுக்க வேண்டாம்.

கடன் விதியை ஊர்க் கூட்டத்தில் முடிவு செய்யுங்கள். திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் பாரம்பரிய நெல் ரகங்களை மீட்ட நெல் ஜெயராமன் 2 கிலோ விதை நெல் கொடுத்து அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திரும்ப வாங்கினார், அதையே பின்பற்றலாம். விதையைச் சேமிக்கவும் பரிமாறவும் விவசாயிக்கு 2001ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு, விவசாயிகள் உரிமைச் சட்டமே உரிமை தருகிறது.

இதையெல்லாம் செய்தும் பல வங்கிகள் படுத்துவிடுவது ஏன் தெரியுமா? சாமையிலும் தினையிலும் உமி நீக்குவது அவ்வளவு கஷ்டம், உரலில் குத்திக் குத்திப் பெண்களுக்குத் தோள் போய்விடும், அதனால்தான் ரேஷன் அரிசி வந்ததும் பலர் விட்டுவிட்டார்கள். சாப்பிடாத தானியத்தை யாரும் விதைக்க மாட்டார்கள். கொல்லிமலை ஊர்களில் உமி நீக்கும் எந்திரங்களை வைத்தது இதற்காகத்தான். அதனால் விதை சேகரிக்கும் முதல் கூட்டத்திலேயே எந்திரம் எங்கே இருக்கும், யார் ஓட்டுவார், கரண்ட் பில் யார் கட்டுவது என்பதையும் பேசி முடித்துவிடுங்கள்.