நியோபியம்–பிஸ்மத் செலினைடு சந்தியை அளப்பது எப்படி?

மின்தடையே இல்லாமல் மின்சாரம் கடத்தும் பொருள் மீக்கடத்தி. இரண்டு நியோபியம் மீக்கடத்தி முனைகளை மெல்லிய பிஸ்மத் செலினைடு படிகத்தால் இணைத்ததே இந்தச் சந்தி. நாகர்கோவில் பக்கம் ஆய்வகம் என்றால் முதல் எதிரி ஈரக்காற்று. ஆனி மழை, ஐப்பசி மழை இரண்டும் இங்கே உண்டு. படிகத்திலிருந்து மெல்லிய ஏடாக உரித்த பிஸ்மத் செலினைடு காற்றுபட்டால் ஆக்சிஜனேறும். நைட்ரஜன் பெட்டிக்குள் உரியுங்கள். நியோபியம் படியவைக்கும் முன் ஆர்கான் அயனியால் லேசாகச் சுரண்டுங்கள். மிஞ்சினால் படிகமே கெடும்.

நான்கு கம்பி இணைப்பு (மின்னோட்டத்துக்கு இரண்டு, மின்னழுத்தம் அளக்க இரண்டு) கட்டாயம். நியோபியம் 9.2 கெல்வினிலேயே மீக்கடத்தியாகிவிடும்; சந்தி வழியே மீமின்னோட்டம் (மின்னழுத்தமே இல்லாமல் ஓடும் மின்னோட்டம்) ஓட இன்னும் நன்றாகக் குளிரவேண்டும். மின்னோட்டத்தை ஏற்றியும் இறக்கியும் மின்னழுத்தத்தை அளந்து பாருங்கள். இரு வளைவும் ஒட்டாவிட்டால் பெரும்பாலும் மின்னோட்டத்தால் சந்தி சூடேறுவதுதான்.

பிறகு சந்தியின் மேல் நுண்ணலையைப் பாய்ச்சுங்கள். 5 கிகாஹெர்ட்ஸில் ஷப்பிரோ படிகள் (மின்னழுத்த வளைவில் சம இடைவெளியில் வரும் தட்டையான படிகள்) சுமார் 10.3 மைக்ரோவோல்ட் இடைவெளியில் வரும். முதல் படியைக் காணோமா? மஜோரானா (இத்தகைய சந்திகளில் தேடப்படும் அபூர்வ குவாண்டம் நிலை) என்று துள்ளவேண்டாம், சூடேற்றத்தால் மின்னழுத்தம் திடீரென எகிறும் தாவலும் அதை விழுங்கும். வெப்பநிலையைச் சற்று உயர்த்தி, தாவல் மறைந்தபின் மறுபடி தேடுங்கள்.