பெண் மானை விட்டுவைக்கும் புண்ணியவான்களுக்கு: பொதுக் காட்டு வேட்டையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நவம்பர் நெருங்கினால் எனக்குத் தொலைபேசி அழைப்புகள் கூடிவிடும். பென்சில்வேனியாவுக்கு வேலைக்கு வந்து, வீடு வாங்கி, சக ஊழியர் கொடுத்த மான் கறியில் ருசி கண்டு, "நானும் லைசென்ஸ் எடுத்துவிட்டேன் அண்ணா, எங்கே போகலாம்?" என்று கேட்கிற நம்மவர்கள். சொந்தக் காடு யாருக்கும் கிடையாது. அதனால் பொதுக் காடுதான் கதி. சொல்லி அனுப்புவேன். டிசம்பரில் அதே குரல்கள் புலம்பலோடு திரும்பி வரும். அவர்கள் செய்யும் தவறுகளில் பாதி, நானும் ஒரு காலத்தில் செய்து ஓய்ந்தவைதான்.

துப்பாக்கியின் வாயை எந்தப் பக்கம் திருப்பி வைப்பது, உடம்பில் எத்தனை சதுர அங்குலம் ஆரஞ்சு நிறம் தெரிய வேண்டும் (250) என்பதையெல்லாம் முதல் லைசென்ஸுக்கு முந்தைய கட்டாய வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். அங்கே சொல்லித்தராதவற்றுக்கு வருகிறேன்.

யாருடைய காடு என்று தெரியாமல் நுழைவது

பொதுக் காடு எல்லாம் ஒன்றல்ல. ஸ்டேட் கேம் லேண்ட்ஸ் என்பது, வேட்டையையும் வனவிலங்கையும் கவனிக்கும் மாநில அமைப்பான கேம் கமிஷனின் நிலம். மாநிலம் முழுக்கச் சிதறிக் கிடப்பதைக் கூட்டினால் 15 லட்சம் ஏக்கர் வரும். அதில் பெரும்பகுதி வேட்டைக்காரர்களின் லைசென்ஸ் பணத்தில் 1920 முதல் வாங்கிச் சேர்த்தது. மாநில வனங்கள் வேறு. 22 லட்சம் ஏக்கர், மாநில இயற்கை வளத்துறையின் பொறுப்பு. வடமேற்கில் இருக்கும் அலெகெனி தேசிய வனம் மத்திய அரசினுடையது. மானைப் பார்க்கும் கண் ஆளுக்கு ஆள் மாறுகிறது. கேம் கமிஷன் வேட்டைக்காரர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும், காட்டையும் பார்க்க வேண்டும். வனத்துறைக்காரருக்கு முதல் கவலை, வெட்டிய மரத்தின் இடத்தில் அடுத்த மரம் முளைக்கிறதா என்பதுதான்.

இது உங்கள் சட்டைப்பையில் இருக்கும் சீட்டைத் தொடும் விஷயம். சாதாரணப் பெண் மான் லைசென்ஸ், அதில் குறித்திருக்கும் வனவிலங்கு நிர்வாகப் பிரிவு முழுவதற்கும் செல்லும். மான் கூடுதலாக மேய்கிறது என்று நில நிர்வாகி கேட்டு வாங்கித் தரும் டிமேப் அனுமதி, வரைபடத்தில் குறித்த அந்த ஒரு துண்டு நிலத்துக்கு மட்டும்தான். இரண்டையும் குழப்பிக்கொண்டு ஓடையைத் தாண்டிச் சுட்டால், சுட்டது சட்டவிரோதம்.

டெக்சாஸ் வீடியோவைப் பார்த்துக் கற்பது

டெக்சாஸில் நிலத்தில் 95 சதவீதம் வரை தனியாருடையது. பண்ணை உரிமையாளர் தானியம் கொட்டும் கருவியை வைக்கிறார், மான் நேரம் தவறாமல் வருகிறது, எந்த வயது ஆண் மானைச் சுடலாம் என்று அவரே முடிவு செய்கிறார். அவர் விட்டுவைத்த மான் அடுத்த ஆண்டும் பெரும்பாலும் அவர் நிலத்தில்தான் நிற்கும். இங்கே பொதுக் காட்டில் இரை போட்டு வேட்டையாடினால் குற்றம். நீங்கள் "இன்னும் இரண்டு வருடம் வளரட்டும்" என்று பெருந்தன்மையாக விட்ட ஆண் மானை, அடுத்த மேட்டில் உட்கார்ந்திருப்பவர் பத்து நிமிடத்தில் சுட்டுவிடுவார். அவர் மேல் கோபப்பட உங்களுக்கு உரிமை இல்லை.

இளம் ஆண்களைக் காப்பதற்கு இங்கே சட்டமே இருக்கிறது. 2002 முதல், மாநிலத்தின் பெரும்பகுதியில் ஒரு பக்கக் கொம்பில் குறைந்தது மூன்று கிளைகள் இருக்க வேண்டும். அதைச் சரியாக எண்ணத் தெரிந்தால் போதும்.

பெண் மானை விட்டுவைப்பது

எனக்கு இன்னும் எரிச்சல் அடங்காத தவறு இது.

வடக்கே பாட்டர் கவுன்டியில் ஒரு நண்பரை என் பக்கத்திலேயே உட்கார வைத்திருந்தேன். கையில் பெண் மான் லைசென்ஸ் இருந்தது. முதல் பனி விழுந்து காடு வெளுத்திருந்தது. ஒரு பெட்டை, பின்னால் இரண்டு குட்டிகள், அறுபது அடிக்குள் வந்து நின்றன. பெட்டை பக்கவாட்டில் திரும்பி, பனியை முன்காலால் சுரண்டி ஓக் கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தது. அதைவிட எளிதான குறி ஆயுளில் கிடைக்காது. நண்பர் துப்பாக்கியை மடியில் வைத்துவிட்டார். "தாய் மான் அண்ணா, பாவம்." சரி என்று பேசாமல் இருந்தேன். மாலை வரை ஆண் மான் வரவில்லை. வண்டியில் ஏறும்போது அவர் சொன்னது: "இந்தக் காட்டில் மானே இல்லை."

அடுத்த ஆண்டும் பெண் மான் லைசென்ஸ் வாங்கினார். எதற்கு என்று கேட்டேன். "நான் வாங்கிவிட்டால் அந்த ஒன்றாவது பிழைக்குமே!" இதை அவர் கண்டுபிடிக்கவில்லை. இந்த மாநிலத்துப் பழைய வேட்டைக்காரர்களில் சிலர் பெண் மான் சீட்டை வாங்கிக் கிழித்துப் போடுவதைப் பெருமையாகவே சொல்வார்கள்.

நம்மவர்களின் மனம் எனக்குப் புரியாமல் இல்லை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வளர்ந்தவர்கள் நாம். கிண்டியில் புள்ளிமானை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்த கண்கள். சுட மனம் வரவில்லை என்றால் அது குறையல்ல. ஆனால் ஆண் மான் வந்திருந்தால் சுட்டிருப்பீர்கள், இல்லையா? அப்படியானால் அதை இரக்கம் என்று சொல்லாதீர்கள். ஜூன் தொடக்கத்தில் பிறந்த குட்டிகள் நவம்பர் கடைசியில் பால் மறந்து, தாமாக மேய்ந்து பிழைக்கும் வயதுக்கு வந்துவிடுகின்றன. தாய் போனால் குட்டி செத்துவிடும் என்பது அந்த மாதத்தில் உண்மையல்ல.

பழையவர்களின் வாதத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவில் பென்சில்வேனியாவில் மான் கிட்டத்தட்ட அற்றுப்போயிருந்தது. 1906 முதல் வெளி மாநிலங்களிலிருந்து மான்களைக் கொண்டுவந்து விட்டார்கள். 1907-இல் பெண் மானைச் சுடத் தடை வந்தது. அன்றைக்கு அது சரியான மருந்து. மரமெல்லாம் வெட்டித் தீர்ந்து, இளந்துளிர் தரையோடு தழைத்திருந்த காலம். மான் பெருகித் தள்ளியது. இருபது ஆண்டுகளில் நிலைமை தலைகீழாகி, 1928-இல் ஆண் மான் வேட்டையை நிறுத்திவைத்துப் பெண் மானுக்கு மட்டும் சீசன் விட வேண்டியதாயிற்று. வேட்டைக்காரர்கள் கொதித்தெழுந்தார்கள். அதற்குள் ஒரு தலைமுறைக்கு "பெண் மானைத் தொடாதே" என்பது வேதவாக்காகிவிட்டிருந்தது. நோய் போன பிறகும் மருந்தை விடாதவர்கள்.

கணக்கு எளிது. ஓர் ஆண் மான் பல பெண்களோடு சேரும். ஆண்களை எத்தனை சுட்டாலும் அடுத்த ஜூனில் குட்டிகளின் எண்ணிக்கை பெரிதாகக் குறையாது. வயது வந்த பெட்டை நல்ல மேய்ச்சலில் பெரும்பாலும் இரட்டைக் குட்டி போடும். மந்தையின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் பெண் மான்தான்.

நம்பிக்கை வரவில்லை என்றால், வடக்கு மாநில வனங்களில் மான் நுழையாதபடி கம்பி வேலி போட்ட பகுதிகளில் ஏதாவது ஒன்றின் அருகே போய் நில்லுங்கள். உள்ளே இடுப்பளவுக்கு ஓக், மேப்பிள் கன்றுகள், நடுவே புகுந்து நடக்க முடியாத அடர்த்தி. வெளியே முழங்கால் உயரத்துக்கு ஒரே பெரணி. கசக்கினால் காய்ந்த வைக்கோல் மணம் வரும் அந்தப் பெரணியை மான் தின்னாது. மற்றதையெல்லாம் தின்று தீர்த்ததால் அது மட்டும் பரவி, கீழே விழுகிற விதைக்கு வெளிச்சம் விடாமல் மூடிவிட்டது. பெரிய மரங்கள் நிற்பதால் பச்சையாகத் தெரிகிறதே தவிர, அந்தக் காட்டுக்கு வாரிசு இல்லை. வாரிசு இல்லாத காட்டில் பனிக்காலத்தில் மானுக்கு என்ன மேய்ச்சல் இருக்கும்?

1999-இல் மான் நிர்வாகத்துக்குப் பொறுப்பேற்ற கேரி ஆல்ட், கரடி ஆராய்ச்சியில் பேர் வாங்கியவர், ஊர் ஊராகக் கூட்டம் போட்டு இதைத்தான் சொன்னார். 2001-இல் ஆண், பெண் இரண்டுக்கும் ஒரே நேரத்தில் சீசன். அடுத்த ஆண்டு கொம்புக் கட்டுப்பாடு. மந்தையைக் குறைப்பதுதான் நோக்கம் என்பதை மறைக்கவும் இல்லை. முன்பு போல நாளைக்கு முப்பது மான் பார்க்க முடியவில்லை என்று இன்றும் திட்டுகிறார்கள். பார்க்க முடியாதுதான். அந்த முப்பதும் சேர்ந்து தின்றுதான் பெரணி மட்டும் மிஞ்சியது.

விஸ்கான்சின் இன்னும் கடுமையாகப் போனது. முதலில் ஒரு பெண் மானைச் சுட்டுக் காட்டினால்தான் ஆண் மானைச் சுடலாம் என்று 1996-இல் சில பகுதிகளில் விதி கொண்டுவந்தார்கள். எண்ணிக்கையைக் குறைப்பதில் அதற்கு ஈடான முறை இல்லை. ஆயுளுக்கு ஒருமுறை வரும் ஆண் மான் கண்ணெதிரே நடந்து போக, கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அதை மன்னிக்கவே இல்லை; 2011-இல் சட்டம் போட்டு நீக்கினார்கள். வேட்டைக்காரர் மனதுக்கு ஒவ்வாத விதி உயிரியலில் எவ்வளவு சரியாக இருந்தாலும் நிற்காது என்பதுதான் என் எண்ணம். பென்சில்வேனியாவின் வழி மெதுவானது, ஆனால் நிற்கிறது. தனியார் நிலத்தில் "தரமான மான் நிர்வாகம்" என்று பேசுகிறார்களே, அதற்கும் இரண்டு பாதி உண்டு: இளம் ஆண்களை விடு, போதுமான பெண்களை எடு. பெரும்பாலானவர்கள் முதல் பாதியோடு காதைப் பொத்திக்கொண்டார்கள்.

இனி மறுபக்கம். "மானே இல்லை" என்பவர் சில இடங்களில் பொய் சொல்லவில்லை. பெண் குட்டி வளர்ந்தாலும் தாயின் இடத்தை ஒட்டியே குடியிருக்கும். பாட்டி, அம்மா, பெண், பேத்தி எல்லாம் ஒரே பள்ளத்தாக்கில். வண்டி நிறுத்துமிடத்துக்கு அருகில் இருக்கும் பள்ளத்தாக்கில் எல்லாரும் போய்ச் சுட்டால் அந்தக் குடும்பமே அற்றுவிடும். வெளியிலிருந்து வந்து நிரம்பப் பல ஆண்டுகள் பிடிக்கும். இரண்டு மைல் தள்ளிச் சாலை இல்லாத சரிவில் மான் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். ஒரே நிர்வாகப் பிரிவில் இரண்டும் உண்மை. ஆகவே பெண் மானை எடுங்கள், ஆனால் எங்கே என்று பார்த்து எடுங்கள். பெரணி மண்டி, கிளைகளெல்லாம் மானுக்கு எட்டும் உயரம் வரை மொட்டையாக இருந்தால் தயங்க வேண்டாம். கன்றுகள் தழைத்து, புழுக்கையே கண்ணில் படாத இடமென்றால் சீட்டை வேறு மேட்டுக்கு எடுத்துப் போங்கள்.

தனியாக வரும் "பெண் மான்"

கொம்பு மூன்று அங்குலத்துக்குக் குறைவாக இருந்தால் சட்டப்படி அது கொம்பில்லாத மான்; பெண் மான் லைசென்ஸ் அதற்கும் செல்லும். அந்த ஆண்டு பிறந்த ஆண் குட்டியும் அதில் அடங்கும். துணையில்லாமல், அச்சமில்லாமல், முதலாவதாகத் திறந்த வெளிக்கு வருவது பெரும்பாலும் அதுதான். தொலைநோக்கியில் தலையைப் பாருங்கள்: காதுகளுக்கு நடுவே உச்சி தட்டையாக, முகம் குட்டையாக இருந்தால் ஆண் குட்டி. பெட்டைக்கு உச்சி வளைந்து, மூக்கு நீண்டிருக்கும். இரண்டு மான் சேர்ந்து வரும் வரை காத்திருந்தால் அளவு வித்தியாசமே சொல்லிவிடும்.

மரத்தில் ஆணி அடிப்பது

அடிக்காதீர்கள். கட்டிக் கழற்றும் பரண் கடையில் கிடைக்கிறது.

காலைக் காற்றையும் மாலைக் காற்றையும் ஒன்றாக நினைப்பது

மலைச் சரிவில் வெயில் ஏற ஏறக் காற்று மேலே போகும். பொழுது சாயக் கீழே இறங்கும். காலையில் நல்ல இடமாக இருந்த மேடு, மாலையில் உங்கள் வாடையைப் பள்ளத்தில் இருக்கும் மானுக்கெல்லாம் கொண்டுபோய்ச் சேர்க்கும். வாடை போக்கும் தெளிப்பான்களுக்குச் செலவிடும் காசை மிச்சம் பிடியுங்கள்.

வயிற்றில் பட்ட மானை உடனே துரத்துவது

குண்டு பட்டவுடன் முதுகைக் கூனிக்கொண்டு மெதுவாக நடந்து போனால், ரத்தத்தோடு பச்சையாகத் தீனி கலந்து கிடந்தால், அது வயிற்றில் பட்டது. உட்காருங்கள். பல மணி நேரம் பொறுத்தால் அருகிலேயே படுத்திருக்கும். உடனே போனால் எழுந்து ஓடும், ஓடினால் எல்லை தாண்டும். மரத்தில் ஊதா நிறக் கோடு தெரிந்தால் அது தனியார் நிலம். 2020 முதல் அந்தக் கோடே அறிவிப்புப் பலகைக்குச் சமம். அனுமதி கேட்காமல் உள்ளே போகக் கூடாது, உங்கள் மான் அங்கே கிடந்தாலும்.

தலையை வண்டியில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவது

மானின் மூளையை அரிக்கும் சிடபிள்யூடி நோய் இந்த மாநிலத்தில் 2012-இல் முதன்முதலாக ஒரு பண்ணை மானிடம் தெரிய வந்தது. பிறகு காட்டு மான்களிடமும். நோய்ப் பகுதி என்று அறிவித்த இடத்திலிருந்து தலையையும் முதுகெலும்பையும் வெளியே கொண்டுபோவது பொதுவாகக் குற்றம். அங்கேயே எலும்பு நீக்கிக் கறியை மட்டும் எடுங்கள். தலையை, சீட்டைக் கட்டியபடியே, அதற்காக வைத்திருக்கும் சேகரிப்புப் பெட்டியில் போடுங்கள். பரிசோதனைக்குக் கட்டணம் இல்லை. மனிதருக்கு இந்த நோய் தொற்றியதாக உறுதியான சான்று இதுவரை இல்லை. ஆனாலும் நோய் உறுதியான மானின் கறியைத் தின்ன வேண்டாம் என்பதே அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அறிவுரை. முடிவு வர வாரக்கணக்கில் ஆகலாம். அதுவரை அந்த மானின் கறியை மற்றதோடு கலக்காமல், தேதி எழுதித் தனிப் பையில் உறையவையுங்கள்.